வெள்ளோட்ட மேடம்

அவரை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் தண்ணீர் ஃபில்டரோடு பேசிக்கொண்டிருந்தார்.

எங்கள் கல்லூரியில் முதல்வர் அறைக்குப் போகும் வராந்தாவின் திருப்பத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு ஃபில்டர் இருந்தது. நான் டீ தட்டோடு வந்துகொண்டிருந்தேன். புதிதாகச் சேர்ந்த மேடம் அதன் முன்னால் நின்று, "சார், ஒரு விஷயம்" என்றார். தலையை ஆட்டிக்கொண்டார். "சார், உங்க நேரம் கொஞ்சம் வேணும்" என்றார். அதுவும் பிடிக்கவில்லை போலிருக்கிறது. பிறகு சத்தமே இல்லாமல் உதடு மட்டும் அசைந்தது. ஏதோ ஜெபம் என்று நினைத்து நான் சுவரோரமாக ஒதுங்கி நின்றேன். டீ ஆறிப்போய் அன்றைக்கு முதல்வரிடம் திட்டு வாங்கினேன்.

நான் அங்கே அட்டெண்டர். பத்தாவது வரை படித்தவன். எனக்குப் பேச்சு வராது. யாராவது நேராக முகத்தைப் பார்த்து ஒன்று கேட்டால், பதில் தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். நாலு வார்த்தை பேசுவதற்கு இவ்வளவு பாடுபடுகிற இன்னொருவர் இருக்கிறார், அதுவும் படித்தவர், என்பது தெரிந்ததில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதனால்தானோ என்னவோ அவரை எனக்குப் பிடித்துப்போனது.

கல்லூரி பிள்ளையார்பாளையத்தை ஒட்டியிருந்தது. பின்பக்கத்து வகுப்பறைகளில் ஜன்னலைத் திறந்தால் தறிச் சத்தம் உள்ளே வரும். மத்தியான வெயிலில், மின்விசிறி மெல்லச் சுற்றும்போது, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தால், யாரோ எங்கோ உட்கார்ந்து இந்தக் கட்டிடத்தையே கொஞ்சம் கொஞ்சமாக நெய்துகொண்டிருப்பது போல இருக்கும். தெருக் கால்வாயில் ஒரு நாள் சிவப்பும் ஒரு நாள் பச்சையுமாகச் சாயத் தண்ணீர் ஓடும். மேடத்தைப் பற்றி நினைத்தால் எனக்கு அந்த மத்தியானங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. அவர் சம்பந்தப்பட்டதில் எது நடந்தது, எது நடப்பதற்கு முன்னால் நடந்தது என்பது இப்போதும் எனக்குக் குழம்பும்.

அவர் வந்தது ஒரு புதுப் படிப்பை நடத்துவதற்காக. ஜவுளி வணிக நிர்வாகம் என்று பெயர். நூல் வாங்குவது, செலவுக் கணக்குப் போடுவது, சரக்கைப் பாதுகாப்பது, வெளியூருக்கு விற்பது எல்லாம் அதில் இருந்தது. பட்டம் கொடுப்பது கல்லூரி. ஆனால் கணக்குத் தொழிலுக்கென்று சென்னையில் ஓர் அமைப்பு இருந்தது. அவர்கள் வந்து பார்த்து, இந்தப் படிப்பை ஏற்றுக்கொள்கிறோம் என்று சொன்னால்தான் கம்பெனிகளில் மதிப்பு. அவர்கள் வைக்கிற தொழில் பரீட்சையிலும் சில தாள்களை நம் பிள்ளைகள் எழுத வேண்டியதில்லை.

இது எனக்கு மேடம் சொல்லித்தான் தெரியும். ஊரில் யாரும் இவ்வளவு நீளமாகக் கேட்க மாட்டார்கள். அட்மிஷனுக்கு வந்த அப்பா அம்மாக்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "இந்தப் படிப்பு செல்லுமா?"

"செல்ல வெக்கிறதுக்குத்தான் வந்திருக்கேன்" என்பார் மேடம். அந்தப் பதிலையும் முன்னால் என்னிடம் பலவிதமாகச் சொல்லிப் பார்த்திருந்தார்.

ஆமாம், அதுதான் அவர் வழக்கம். எதையும் ஒரு தடவை நடத்திப் பார்க்காமல் அவரால் செய்ய முடியாது. முதல்வரிடம் பேசுவதற்கு ஒத்திகை. பெற்றோர் கூட்டத்துக்கு ஒத்திகை. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கீரை வாங்கப் போகும்போதுகூட, படிக்கட்டு இறங்கும் வரை கீரைக்காரம்மாவோடு தனியாகப் பேரம் பேசிக்கொண்டே போவார். ஒரு சமயம் அவருடைய அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். "அண்ணா, நீங்கதான் டாக்டர்" என்று என்னை உட்காரவைத்து, "எங்க அம்மாவுக்கு" என்று ஆரம்பித்தவர், நிறுத்திவிட்டார். "இது வேணாம் அண்ணா" என்று எழுந்து போய்விட்டார்.

ஒரு நாள் பயந்துகொண்டே கேட்டேன். "ஏன் மேடம் எல்லாத்தையும் சொல்லிச் சொல்லிப் பாக்குறீங்க?"

"தேர் வெள்ளோட்டம் பாத்திருக்கீங்க இல்ல?" என்றார்.

காஞ்சிபுரத்தில் பிறந்துவிட்டு அதைப் பார்க்காமல் இருக்க முடியுமா? தேரைப் பழுது பார்த்தால், சாமியை ஏற்றுவதற்கு முன்னால் வெறும் தேரை வீதியில் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்கள். உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் ஜனங்கள் வாசலில் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நானும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

"அந்த மாதிரிதான். சக்கரம் எங்க மாட்டும்னு முன்னாடியே தெரிஞ்சிடும்" என்றார். பிறகு குரலை இறக்கி, "நான் சர்ச்சுக்குப் போறவ, தேர் கதை சொல்றேன் பாருங்க" என்று சிரித்தார்.

அவருக்குச் சொந்த ஊர் தாமல் பக்கம். ஏரிக்குக் கீழே இருந்த வயல்களில் அவர் அப்பா கூலி வேலை செய்தவர். சிறுமியாக இருந்தபோது கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவருக்குத் தேவதூதன் வேஷம் கொடுத்தார்களாம். ஒரே ஒரு வரிதான் பேச்சு. இறக்கை எல்லாம் கட்டி மேடையில் ஏற்றிவிட்ட பிறகு அந்த வரி வரவில்லை. மேய்ப்பர்களாக உட்கார்ந்திருந்த பிள்ளைகள் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தார்களாம்.

"அடுத்த வருஷம் அந்த வேஷத்த வேற பொண்ணுக்குக் குடுத்துட்டாங்க. நம்ம மாதிரி வீட்டுப் புள்ளைங்கள ஒரு தடவதான் அண்ணா கூப்புடுவாங்க. அப்ப நாக்கு உள்ள போயிடக்கூடாது."

பிள்ளைகள் அவருக்கு வெள்ளோட்ட மேடம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் காதுபடவே சொல்வார்கள். அவருக்குக் கோபம் வராது.

முதல் செட்டுப் பிள்ளைகள் கடைசி வருஷத்துக்கு வந்ததும், அமைப்பிலிருந்து பார்வையிட வருவார்கள் என்று தெரிந்தது. அன்றிலிருந்து மத்தியானம் தோறும் வெள்ளோட்டம்தான். வருகிறவர் வேஷம் எனக்கு.

"உக்காருங்க அண்ணா."

"நான் நின்னுக்கினே கேக்குறேன் மேடம்."

"சென்னையிலேர்ந்து வர்றவரு நிப்பாரா? உக்காருங்க."

நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தேன். முன் பெஞ்சில் கௌசல்யா என்று ஒரு பெண். பட்டு நெய்கிற வீட்டுப் பிள்ளை, வாய் நிற்காது. "மேடம், இன்ஸ்பெக்டரு திருடி மாட்டிக்கினவரு மாதிரி உக்காந்துக்கினு இருக்காரு" என்றாள். வகுப்பே சிரித்தது. மேடம் எழுதிக்கொடுத்த கேள்வியை நான் படித்தேன். பின் பெஞ்சிலிருந்து, "அண்ணா, உங்க கேள்வி உங்களுக்காவது கேட்டுதா?" என்று ஒரு குரல். மறுபடியும் சிரிப்பு. ஆனால் சொல்ல வேண்டும், சில வாரங்களில் நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார ஆரம்பித்தேன்.

ஒரு நாள் அவர், நல்ல சேதி வந்தால் என்ன செய்வது என்பதற்கும் வெள்ளோட்டம் வைத்தார். "கத்தக்கூடாது, வராந்தாவுல ஓடக்கூடாது. எழுந்து நின்னு, அழகா கை தட்டணும், சிரிக்கணும்" என்றார்.

"ஒண்ணுமே வராம சிரிச்சா லூசும்பாங்க மேடம்" என்றாள் கௌசல்யா.

"சிரிடி."

அவர்கள் பொய்யாகச் சிரிக்க ஆரம்பித்தார்கள். பொய்ச் சிரிப்பைப் பார்த்து ஒருத்திக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. அது பெஞ்சு பெஞ்சாகப் பரவியது. மேடம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அடுத்த வகுப்புக்கு நாற்காலி தூக்கிக்கொண்டு போன நானும் வாசலில் நின்று சிரித்தேன். தறிச் சத்தம்கூட ஒரு நிமிஷம் நின்றது போல இருந்தது. எனக்கு ரொம்ப காலம் அங்கீகாரம் வந்த நாள் என்று நினைத்தால் அந்த மத்தியானம்தான் ஞாபகம் வரும்.

பார்வையிட வருவதற்கு முந்தைய நாள், கடைசி வெள்ளோட்டத்துக்கு மேடம் வேறு ஏற்பாடு செய்தார். "உங்களப் பாத்தா புள்ளைங்களுக்கு பயமே வர மாட்டேங்குது அண்ணா. தெரியாத முகமா இருக்கணும்" என்றார். தோழி ஒருத்தி மூலமாக, ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர் ஒருவரையும் அவர் மனைவியையும் பிடித்திருந்தார். போனில் பேசியதோடு சரி, நேரில் பார்த்ததில்லை.

சாப்பாட்டு நேரம் முடிந்து கொஞ்ச நேரத்தில் கேட்டுக்குள் ஒரு ஆணும் பெண்ணும் நுழைந்தார்கள். அவர் ஒல்லியானவர். நெற்றியில் திருமண் கலைந்து, பேன்ட்டின் கீழ்ப்பகுதி நனைந்திருந்தது. அந்தம்மாள் கையில் இலையில் மடித்த பொட்டலம். வரதர் கோயிலிலிருந்து நேரே வருகிறவர்கள் என்று பார்த்தாலே தெரிந்தது. மேடம் வராந்தாவிலிருந்து வேகமாக இறங்கிப் போனார். நான் தண்ணீர் தம்ளரோடு பின்னால் போனேன்.

"வாங்க சார், வாங்க மேடம். உங்களுக்காகத்தான் காத்துக்கினு இருக்கோம்."

அவர் கொஞ்சம் திகைத்தார். "இல்ல, நாங்க நாளைக்குத்தான் வரணும். கோயிலுக்கு வந்தோம், அப்படியே காலேஜையும் எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு..."

மேடம் கை தட்டாத குறை. "பிரமாதம் சார்! ஒரு நாள் முன்னாடியே வந்துட்ட மாதிரி! இத நான் யோசிக்கவே இல்ல."

"நாங்க அமைப்புலேர்ந்து..." என்று ஆரம்பித்தார் அவர்.

"குரல் இன்னும் கொஞ்சம் கறாரா இருக்கட்டும் சார். வர்றவங்க இவ்ளோ தன்மையா பேச மாட்டாங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்தம்மாள் அவர் கையைத் தொட்டு நிறுத்தினார். மேடத்தை ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பை அடக்குகிற பார்வை என்று இப்போது தெரிகிறது, அப்போது தெரியவில்லை. "சரிம்மா. வேற என்ன நாங்க கேக்கணும், சொல்லுங்க" என்றார்.

மேடம் சுற்றிலும் பார்த்துவிட்டுப் பக்கத்தில் போனார். "ஒண்ணு கட்டாயம் கேளுங்க. முதல் செட்டுக்கு செலவுக் கணக்குப் பாடம் யாரு எடுத்தாங்க, அவங்களுக்கு என்ன தகுதின்னு. அதுக்குத்தான் எங்ககிட்ட பதில் இல்ல."

"யாரு எடுத்தாங்க?"

"நான்தான். அந்தப் பாடத்துக்கு வேணுங்குற தொழில் தகுதி எனக்குக் கிடையாது. ஆள் கிடைக்கல மேடம். நானே படிச்சு நானே சொல்லிக்குடுத்தேன். ரெண்டாவது செட்டுலேர்ந்து வேலூர்லேர்ந்து சரியான சார் ஒருத்தர் வர்றாரு. நாளைக்கு கேட்டா என்ன சொல்றதுன்னு பல மாதிரி சொல்லிப் பாத்தேன். எதுவும் வாய்ல நிக்க மாட்டேங்குது."

"இப்ப நல்லாத்தானே சொன்னீங்க" என்றார் அந்தம்மாள்.

வகுப்புக்குள் போனார்கள். பிள்ளைகளுக்கு வந்தவர்கள் வேஷக்காரர்கள் என்று சொல்லியிருந்ததால் ஒரு பயமும் இல்லை. ஒல்லியானவர் ஒரு புடவைக்கு ஆகும் செலவைக் கேட்டார். உடனே அவர்களுக்குள்ளேயே சண்டை மூண்டது. வீட்டில் அம்மா தறிக்கு நூல் சுற்றிக் கொடுப்பதற்குக் கூலி எழுத வேண்டுமா, கூடாதா?

"எழுதினா எங்கப்பா என்னைக் கொன்னுடுவாரு சார்" என்றாள் கௌசல்யா.

"ஏம்மா?"

"அப்புறம் எங்கம்மா அந்தக் கூலியக் கேக்குமில்ல?"

ஒல்லியானவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். அந்தம்மாள் பெஞ்சில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்துவிட்டார். வாக்குவாதம் அரை மணிக்கு மேல் நடந்தது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளைகள் அவ்வளவு அழகாகப் பேசி நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. கோட்டும் டையும் போட்ட ஒரு பெரியவர், கையில் ஃபைலோடு. பின்னால் பட்டுப்புடவையில் அவர் மனைவி. பெரியவர் கட்டிடமே அதிரும் குரலில் சொன்னார். "நாங்க இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்திருக்கோம்! இங்க ஹெட் யாரு?"

மேடம் இந்த ஜோடியைப் பார்த்தார். அந்த ஜோடியைப் பார்த்தார். ஒல்லியானவர் எழுந்து, ரொம்ப மெதுவாக, "அவங்க நல்லா நடிக்கிறாங்கம்மா. ஆனா நாங்கதான் நிஜம்" என்றார்.

மேடம் அப்படியே முன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அந்தம்மாள் இலைப் பொட்டலத்தை அவர் கையில் வைத்தார். "கோயில் இட்லி. சாப்பிடுங்க. நாளைக்கு வர்றோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் எல்லாம் ஒத்திகை பார்த்தபடியே நடந்தது. யாரும் ஒரு வார்த்தை தப்பவில்லை. இஸ்திரி போட்ட துணி போல இருந்தது. கிளம்பும்போது அந்தம்மாள் மேடத்திடம், "நேத்து இருந்த கிளாஸ் எங்கம்மா போச்சு?" என்று மட்டும் கேட்டார்.

சில வாரங்கள் கழித்து முதல்வருக்குப் போன் வந்தது. மேடத்தைக் கூப்பிட்டார். நான் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். "வந்துடுச்சும்மா! படிப்பு நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்க" என்றார் முதல்வர். பிறகு பேனாவை மூடித் திறந்தார். "ரெண்டாவது செட்டுலேர்ந்து. முதல் செட்டுக்குக் கிடையாது. அந்தச் செலவுக் கணக்கு விஷயம்."

மேடம் நின்றுகொண்டே இருந்தார்.

"காலேஜுக்குக் கிடைச்சிடுச்சு இல்ல, அது போதும்மா. முதல் செட்டு எப்படியும் வெளிய போகப்போவுது" என்றார் முதல்வர். கெட்ட மனிதர் இல்லை. நிம்மதியில் சொன்னார்.

வெளியே வந்ததும் மேடம் என்னை ஒரு காலி வகுப்பறைக்குக் கூட்டிப்போனார். "அண்ணா, நீங்கதான் கிளாஸ். உக்காருங்க" என்றார். பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் கரும்பலகை முன் நின்று தொண்டையைச் செருமினார். "உங்களுக்கு ஒரு நல்ல சேதியும் ஒரு சின்ன வருத்தமும் சொல்லப்போறேன்" என்றார்.

எப்போதும் என் கையில் அவர் எழுதிக்கொடுத்த கேள்வி இருக்கும். அன்றைக்கு ஒன்றும் இல்லை. எப்படி வந்தது என்று தெரியவில்லை, என் வாயிலிருந்து வந்தது.

"சின்ன வருத்தமா மேடம்?"

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. "இல்ல" என்றார். வேறு எதுவும் சொல்லிப் பார்க்காமல் நேராக முதல் செட்டு வகுப்புக்குப் போனார். நானும் பின்னாலேயே போய் வாசலில் நின்றேன்.

அவர் சொன்ன விதம் மோசமாக இருந்தது. முன்னுக்குப் பின் சொன்னார். தடுமாறினார். அங்கீகாரம் வந்துவிட்டது என்று சொல்லி, பிள்ளைகள் எழுந்து நின்ற பிறகு, உங்களுக்கு இல்லை என்றார்.

கௌசல்யாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "செலவுக் கணக்கு நீங்க எடுத்தீங்கன்னு அவங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"நான்தான் சொன்னேன்."

"எதுக்கு மேடம்?"

"வெள்ளோட்டம்னு நினைச்சு சொல்லிட்டேன். ஆனா அது நிஜந்தானே கௌசல்யா."

"மூணு வருஷமா செல்லும் செல்லும்னு சொல்லி வீட்டுல கல்யாணப் பேச்ச நிறுத்தி வெச்சிருக்கேன். இப்ப எங்கப்பாகிட்ட போய் இன்னான்னு சொல்லுவேன்?"

மேடம் கைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, பார்வையிட வந்த அந்தம்மாளுக்குப் போட்டார். அந்தப் பேச்சுக்கு ஆரம்பமும் இல்லை, ஒழுங்கும் இல்லை. "மேடம், நான் காஞ்சிபுரத்துலேர்ந்து... புள்ளைங்க முன்னாடிதான் நின்னுக்கினு பேசறேன்... அந்த ஒரு பாடத்த மட்டும் மறுபடியும் சரியான சார் எடுத்தா? நீங்களே பரீட்சை வெச்சா? அப்பவும் இவங்க சேர மாட்டாங்களா?"

"நான் கேட்டுத்தான் சொல்லணும். படிப்பு முடிஞ்சு போனப்புறம் யாரும்மா வருவாங்க திரும்ப?" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

மேடம் வகுப்பைப் பார்த்தார். ஒன்று ஒன்றாகக் கை எழுந்தது. எல்லோரும் தூக்கவில்லை. கௌசல்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வருவாங்க மேடம். நானும் எழுதறேன்."

"நீங்க எதுக்கும்மா? அவசியம் இல்லையே."

"எடுத்தவ நான்தானே" என்றார் மேடம்.

கொஞ்ச நாளில் அனுமதி வந்தது. கோடை முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் வேலூர் சார் வந்து பாடம் எடுத்தார். கல்லூரியைத் திறந்துவைக்க நான் போவேன். ஊரெல்லாம் கல்யாணக் கூட்டம் பட்டுக் கடைகளில் நிரம்பி வழியும். எங்கள் தெரு மட்டும் தூங்குவது போலக் கிடக்கும். அந்தக் காலி கட்டிடத்தில் ஒரே ஓர் அறையில் விசிறி ஓடும். கடைசி பெஞ்சில் மேடம் உட்கார்ந்து, மற்றவர்களைப் போலவே குறிப்பு எடுத்துக்கொண்டிருப்பார். சார் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பார். தப்பாகச் சொன்னால் சார் திருத்துவார். பிள்ளைகள் முதல் வாரம் சிரித்தார்கள். அப்புறம் சிரிக்கவில்லை.

பாதிக் கோடை போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கௌசல்யா வாசலில் வந்து நின்றாள். உள்ளே வருவதா போவதா என்று தெரியாத மாதிரி நின்றாள். மேடம் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கோடை முடிவில் அமைப்பு வைத்த பரீட்சையை எழுதியவர்கள் எல்லோரும் தேறினார்கள், முதல் செட்டுக்கும் அங்கீகாரம் வந்தது. அதற்கு அடுத்த வருஷம் மேடம் தெற்கே ஏதோ ஒரு கல்லூரிக்குப் போய்விட்டார். அங்கேயும் ஒரு புதுப் படிப்பாம். அதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை. சேதி வந்த நாளில் யார் என்ன செய்தார்கள் என்பது எனக்கு அவ்வளவாக நினைவில் இல்லை. நினைவில் இருப்பது பரீட்சை எழுதிய நாள்தான்.

மணி அடித்ததும் எல்லோரும் வெளியே வந்தார்கள். மழை வருகிற மாதிரி வெளிச்சம் மஞ்சளாக இருந்தது. சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் மேடமும் கௌசல்யாவும் கேள்வித்தாளை விரித்துவைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மேடத்தின் விரலெல்லாம் நீல மை.

"வழக்கமா வீணாப்போற நூலோட விலைய எங்க போட்டீங்க மேடம்?"

"நல்ல சேலை மேல ஏத்திட்டேன். அதானே சரி?"

"முதல் வருஷம் அத நஷ்டத்துல எழுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"தப்பா சொல்லிக்குடுத்துட்டேன்டி. வேலூர் சார் அத முதல் வாரமே திருத்தினாரு. நீ அப்ப வரல." மேடம் நிறுத்தினார். "நீ எங்க போட்ட?"

"நஷ்டத்துலதான்."

மேடத்தின் முகம் அப்படியே வாடிவிட்டது. கேள்வித்தாளை மடித்தார், மறுபடியும் பிரித்தார். "அடடா, நான் உனக்கு ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லியிருக்கணும்" என்று ஏதோ சொல்லப் பார்த்தார்.

"விடுங்க மேடம், ஒரு கணக்குத்தானே" என்றாள் கௌசல்யா. சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டே, அவரைப் பார்க்காமல் சொன்னாள். "நீங்க சொல்லிக்குடுத்தது ஒண்ணாவது என் பேப்பர்ல இருக்கட்டுமே."

மேடம் அவள் சைக்கிள் கூடையில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தார். குடிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றார். மழையின் முதல் துளிகள் தகரக் கூரையில் விழ ஆரம்பித்தன. அவள் சைக்கிளை நகர்த்தாமல் காத்துக்கொண்டிருந்தாள்.